பார்த்தாச்சு

சமையலறையில் பாத்திரமூடி ஒன்று நங்கென்று விழுந்து, வெகுநேரம் சுழன்று அடங்கியது.

"மெதுவா மாமா. அக்காவுக்குக் கேக்கும்," என்றான் மைத்துனன்.

"கேட்டாச்சு," என்றார் டிரைவர்.

இருவருக்கும் நடுவே பழைய டயர் ஒன்று கிடந்தது. வெளிவிளிம்பு புதுசு போல; உள்விளிம்போ கம்பி தெரியுமளவு மொட்டை. பக்கவாட்டில் மஞ்சள் பெயின்டில் மைத்துனனின் கோணல் கையெழுத்து: 'பார்த்தாச்சு.'

பதினெட்டு வருஷம் டாக்டரம்மாவின் காரை ஓட்டியவர் அவர். ஒருநாள் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியதிலிருந்து ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுத்தது. பெட்ரோல் தண்ணீராய்ப் போனது. சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் கடையில் மைத்துனன் இருக்கிறானே என்று நம்பி விட்டுவந்தார். அந்த வேலையை அவனுக்கு வாங்கித் தந்தவரும் அவர்தான். டயரில் 'பார்த்தாச்சு' என்ற எழுத்தோடு வண்டி திரும்பி வந்தது. பெட்ரோல் போவது மட்டும் நிற்கவில்லை.

"சக்கரம் சரி, காத்தும் சரி. அப்ப யார் குடிக்கறா?" என்றார் டாக்டரம்மா. அடுத்து அவர் கேட்டது கார் சாவியை.

புதிதாய் வந்த டிரைவர் வேறு கடையில் காட்டினான். முன்சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்திருந்தன. உருள வேண்டிய டயர்கள் சாலையில் உரசிக்கொண்டே போக, அவற்றை இழுக்கவே இன்ஜின் பெட்ரோலைக் குடித்திருக்கிறது. கழற்றிய டயரில் ஒன்றை இன்று காலை அவனே கொண்டுவந்து போட்டான்: "பெட்ரோல் திருடன் இவன்தாண்ணே."

"வண்டியை மெஷின்ல ஏத்தவே இல்லையா?" என்று மைத்துனனிடம் கேட்டார்.

"அன்னைக்கு ஒரே கூட்டம் மாமா. நம்ம வண்டிதானே, அப்புறம் பாத்துக்கலாம்னு..."

"டாக்டரம்மா போன்ல கேட்டப்போ?"

அவன் தலை குனிந்தது. "பக்காவா இருக்குன்னுட்டேன். உண்மையச் சொன்னா என் வேலை போயிடும். இந்த டயரை அவங்ககிட்ட காட்டிடாதீங்க மாமா."

"என் வேலை போகலாம். ஊரே என்னைத் திருடன்னு சொல்லலாம். நம்ம மாமாதானே, அப்புறம் பாத்துக்கலாம். அப்படித்தானே?"

சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, நீயாவது சொல்லேன்."

"நானே இவரைக் கேட்டேன்டா, 'நிஜமாவே நீங்க எடுக்கலியே'ன்னு. அன்னைக்கு இவர் முகம் போன போக்கு! அதை எந்த மெஷின்ல ஏத்தி நேராக்குவே?"

அவள் டயரை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்தாள், மஞ்சள் எழுத்தில் கை படாமல்.

"நாளைக்கு டாக்டரம்மா வீட்டுக்கு இதை நானும் சேர்ந்து தூக்கிட்டு வரேன்," என்றாள் கணவரிடம். பிறகு தம்பியைப் பார்த்தாள். "நீ கிளம்பு."

செருப்பை மாட்டிக்கொண்டு அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அக்கா கதவைச் சாத்தினாள்.