கிணற்றில் கவிழ்த்த குண்டான்

எழுபதுகளின் கடைசியில் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு கோச்சடையில். ஆரப்பாளையம் வந்து பஸ் ஏறுவேன்.

திடம், திரவம், வாயு என்று ஒரு பாடம். முதல் இரண்டும் சுலபமாக முடிந்துவிட்டன. கல்லும் தண்ணீரும் பிள்ளைகளுக்குத் தெரியாததா? வாயுவில்தான் சிக்கல். காற்றும் ஒரு பொருள், அதுவும் இடத்தை அடைக்கும் என்றபோது சிரித்தார்கள். ஒரு டம்ளரின் அடியில் காகிதத்தைத் திணித்து, வாளித் தண்ணீரில் நேராகக் கவிழ்த்து அமுக்கி எடுத்துக் காட்டினேன். காகிதம் நனையவில்லை. ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள்.

முன்வரிசையில் உட்காரும் ஒரு சிறுமி மட்டும் எழுந்து கேட்டாள்.

"பெரிய ஏனமா இருந்தா உள்ள ஆளே இருக்கலாமா டீச்சர்?"

"இருக்கலாம்" என்றேன். மணி அடித்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை காலை பிரேயர் முடிவதற்குள் அவளுடைய அம்மா வந்து நின்றார். களையெடுப்புக்குப் போகிற வழி. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். பின்னால் மகள்.

"என்ன டீச்சர் சொல்லிக் குடுத்தீக? பித்தளைக் குண்டானத் தலைல கவுத்துக்கிட்டு இவ கெணத்துல முங்கியிருக்கா. ரெண்டு பிள்ளைக ரெண்டு பக்கமும் அமுக்கியிருக்குதுக. குண்டான் இப்பத் தண்ணிக்கடியில கெடக்கு."

மகளைப் பார்த்தேன். நீச்சல் தெரிந்த பெண்தான். முகத்தில் பயம் எதுவும் இல்லை.

"உள்ள மூச்சு விட முடிஞ்சது டீச்சர். ஆனா குண்டான் கீழ போகவே மாட்டேங்குது. அம்புட்டுப் பேரும் அமுக்குறோம், மேல மேல தள்ளுது. அப்பறம் ஒரு பக்கமாச் சாஞ்சு, குபுகுபுன்னு காத்து வெளியேறிருச்சு. ஏனம் முங்கிருச்சு."

காற்று தள்ளும் என்று நான் சொல்லியிருக்கவில்லை. புத்தகத்திலும் அந்தப் பாடத்தில் அது இல்லை. அதைச் சொல்லிப் பாராட்டுகிற நேரமும் அது இல்லை.

அம்மாவை உள்ளே அழைத்து, வாளியில் தண்ணீர் வைத்து, காகிதம் திணித்த டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தேன். கவிழ்த்து அமுக்கினார். எடுத்து, காகிதத்தை வெளியே இழுத்து, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். இன்னொரு முறையும் செய்தார்.

"காஞ்சுதான் இருக்கு" என்றார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இருந்தாலும் இனிமே டம்ளரோட நிறுத்திக்கங்க டீச்சர். பிள்ளைக நீங்க சொன்னா செஞ்சு பாத்துருதுக."

"சரிங்கம்மா."

"வாரேன்" என்று கிளம்பிப் போனார். மறுநாள் சிறுமியின் மாமா கிணற்றில் முங்கிக் குண்டானை எடுத்துவிட்டதாகத் தெரிந்தது. விளிம்பு நசுங்கியிருந்ததாம்.

நடந்தது தலைமையாசிரியர் காதுக்கும் போனது. "அடுத்த பாடம் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"ஆவியாதல் சார்."

பாடக்குறிப்பில் அடுப்பும் கொதிக்கும் தண்ணீரும் எழுதியிருந்தேன். அவற்றை அடித்துவிட்டு, ஈரத்துணி ஒன்றைச் சன்னல் கம்பியில் காயப்போட்டுப் பாடம் நடத்தினேன்.