ரயிலடிக் கடிகாரப்படி கடைசி

அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நேரங்களை எல்லாம் குறித்த நான் ஆண்டைக் குறிக்காமல் விட்டுவிட்டேன். அறுபதுகளின் கடைசி, நான் ஐந்தாம் வகுப்பு, காணும் பொங்கல் என்பதில் மட்டும் ஐயமில்லை. அம்மா இறந்தபின் வந்த முதல் பொங்கல் அது. வீட்டில் நானும் அப்பாவும், கொட்டிலில் குதிரையும்தான்.

அப்பா காஞ்சிபுரம் ரயிலடியில் ஜட்கா ஓட்டினார். காணும் பொங்கலன்று விடிந்ததும் ஜட்காக்காரர்கள் வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்து, மேலே ஏறி, தென்னேரி ஏரிக்கரைவரை பந்தயமாகப் போய்த் திரும்புவார்கள். அந்த முறை நான்கு பேர். அப்பா ஜெயிப்பார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி, இரண்டு தோழிகளையும் கூட்டிப் போயிருந்தேன்.

"இங்கயே இரும்மா. நான் வர்றப்போ உன் மூஞ்சிதான் மொதல்ல தெரியணும்" என்று சொல்லிவிட்டு அப்பா கிளம்பினார்.

முதல் குதிரை வாயில் நுரை தள்ள வந்தது. ரயிலடிக் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து ஐந்து என்று எழுதினேன். அடுத்தடுத்து இன்னும் இரண்டு. அதன்பின் நெடுநேரம் சாலை வெறுமையாகக் கிடந்தது. பிறகு அப்பா வந்தார். குதிரைமேல் அல்ல, கடிவாளத்தைப் பிடித்தபடி நடந்து.

"இன்னாண்ணே, குதிரய நீ இட்டுக்கினு வர்றியா, அது உன்ன இட்டுக்கினு வருதா?" என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. என் தோழிகளும் சிரித்தார்கள்.

அப்பா கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்து, 'அப்பா, பத்து நாற்பது, கடைசி' என்று எழுதிவிட்டுச் சந்து வழியே வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

மதியம் அவர் வந்தபோது குதிரையின் கழுத்தில் சாமந்தி மாலை, அவர் கையில் புதுப் பித்தளைச் சொம்பு.

"ஜெயிச்சாச்சும்மா! நீதான் இல்ல. பசி தாங்காம முன்னாடியே வந்துட்டியா?"

"கடைசியாதானே வந்தே, நைனா?"

வந்து சேர்வதோடு முடிவதில்லையாம். வந்த குதிரை ஒவ்வொன்றையும் ரயிலடிக்குப் பின்புறம் கொண்டுபோய், ஒரு பீடி புகைந்து தீரும்வரை நிழலில் நிறுத்துவார்கள். பிறகு மூத்த ஜட்காக்காரர் அதன் முன்னங்காலுக்குப் பின்னால் கைவைத்து, நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிட்டதா என்று பார்ப்பார். ஊறவைத்த கொள்ளுப் பயறை நீட்டுவார். படபடப்பு அடங்கி, கொள்ளும் தின்கிற குதிரைகளில் எது முதலில் வந்ததோ அதற்குத்தான் சொம்பு. மற்ற மூன்றும் இரைத்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டனவாம்.

"நாளைக்கு வண்டில பூட்ட முடியாத குதிரய வேகமா ஓட்டிக்கினு வந்து இன்னா பிரயோஜனம்?" என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார்.

"நான் கடைசியா வந்தேன்னு உனக்கு யார்மா சொன்னது?"

"நான்தான் பாத்தேனே. எழுதிக்கூட வச்சிருக்கேன்" என்று பெருமையாக நோட்டை நீட்டினேன்.

அவரைப் பற்றி ஒரே வரிதான். அதை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டைத் திருப்பித் தந்துவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

நான் 'கடைசி'யை அடித்துவிட்டு 'முதல்' என்று எழுதினேன். கொட்டிலில் அவர் குதிரையோடு மெல்லப் பேசுவது கேட்டது. பிழையைத்தான் திருத்திவிட்டேனே, பிறகும் ஏன் அவர் உள்ளே வரவில்லை என்று சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.