சூரியனை மறைத்த நாள்

மஞ்சள் அவியும் மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். முள்ளியவளையில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், எங்கள் தென்னோலைக் கிடுகு வீட்டு முற்றத்தில் அம்மா பானை நிறைய மஞ்சள் அவித்து, ஒரு வெள்ளைச் சட்டையைத் தோய்த்தெடுத்துக் கொடியில் போட்டார். அது எனக்கல்ல, அம்மா நெல்லுக் குத்தப் போகும் பெரிய வளவுக்காரரின் மகள் பரிமளத்துக்கு. பள்ளிக்கூடம் பார்க்க வரும் "வித்தியாதரிசி" ஐயாவுக்கு முன்னால் அவள் சூரியனாக நிற்க வேண்டுமாம்.

பிரபஞ்சம் என்ற சொல்லை அந்த மாதந்தான் முதன்முதல் கேட்டேன். நாங்கள் நிற்கும் மண் ஓர் உருண்டை, அது பம்பரம்போலச் சுழன்றுகொண்டே சூரியனைச் சுற்றுகிறது, வானத்தில் மினுங்குகிற வெள்ளிகள் எல்லாம் தூரத்துச் சூரியன்கள், அவற்றில் சிலவற்றின் வெளிச்சம் புறப்பட்டபோது எங்கள் பூட்டன்கூடப் பிறக்கவில்லை என்று வாத்தியார் சொல்லச் சொல்ல, வாய் திறவாமல் விழுங்கினேன். "அங்கை போய் ஆர் பார்த்தது?" என்று ஒருவன் கேட்டான். "ஒருத்தரும் போகேல்லையடா. வாற வெளிச்சத்தையும் விழுற நிழலையும் வருசக்கணக்காய் அளந்துதான் விஞ்ஞானியள் கணிச்சவை. பிழைச்சால் திரும்பவும் அளப்பினம்," என்றார். கிரகணத்தையும் அப்படித்தான் விளக்கினார்: "பாம்பு விழுங்கிறதெண்டு சொல்லாதேங்கோ. சந்திரன் சின்னன், ஆனால் கிட்ட நிக்குது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பெருவிரலை மற்றக் கண்ணுக்குக் கிட்டப் பிடியுங்கோ, முன்னாலை நிக்கிற கோயில் தெரியுதோ?" தெரியவில்லை.

கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்கு விடை தெரியும், கையுயர்த்தத்தான் கூச்சம். "சூரியனுக்கு வெள்ளைப் பிள்ளைதான் வேணும்," என்று வாத்தியார் பரிமளத்தை மேசைமேல் ஏற்றிவிட்டு, "கறுப்பி, நீ சந்திரன். ஒண்டும் கதைக்கத் தேவையில்லை, சுத்தி வந்தால் காணும்," என்று வெள்ளைக் கடதாசி ஒட்டிய ஒரு தட்டை என் கையில் தந்தார். பூமிக்கு ஆள் வைக்கவில்லை. ஐயா இருக்கப்போகும் கதிரைதான் பூமி.

ஒத்திகையின்போது பரிமளம் மேசையில் நின்று சொன்னாள்: "சந்திரனுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை, என்னட்டை இரவல் வாங்கிறது. இவள் போட்டிருக்கிறதும் என்ரை பழஞ்சட்டைதான்!" வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். கூச்சக்காரிக்கு வாய்தான் இல்லை, மனம் கறுவிக்கொண்டே இருக்கும்.

அந்த நாளும் வந்தது. கதிரையை ஒருமுறை ஒழுங்காகச் சுற்றினேன். "நானே சூரியன், உலகுக்கு உயிர் கொடுப்பவள்," என்று பரிமளம் தொடங்கியதும், ஐயாவின் மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டத் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"விலகடி, கறுப்பி!" என்று மேசையில் நின்று கத்தினாள். நான் அசையவில்லை.

"என்ன பிள்ளை, மறைக்கிறாய்?" என்றார் ஐயா.

"கிரகணம், ஐயா."

அவர் கதிரை குலுங்கச் சிரித்துக் கைதட்டினார். "ஓம் ஐயா, அதையும் காட்டத்தான் பழக்கினனான்," என்று வாத்தியார் கூசாமல் புளுகினார். சூரியன் விக்கி விக்கி அழுதபடி மேசையால் இறங்கியது. அந்த அழுகை எனக்குத் தேனாக இருந்தது.

பின்னேரமே பரிமளத்தின் தாய், "இனி இந்தப் படலைக்குள்ளை கால் வைக்காதை," என்று அம்மாவைத் துரத்திவிட்டார். "ஏழை சொல் அம்பலம் ஏறாதெண்டு தெரியாதோடி உனக்கு?" என்று ஈர்க்கால் என் காலில் விளாசிக்கொண்டே அம்மாவும் அழுதார். பிறகு அவர் தூரத்து வயல்களுக்குக் கூலிக்குப் போக, தம்பிமாரைப் பார்க்க என்னை வீட்டோடு மறித்தார்கள். என் படிப்பு அதோடு சரி. அதற்கும் சேர்த்துத்தான் பரிமளத்தின்மேல் கறுவினேன்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை, பெரிய வளவும் இல்லை. யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடி, பிறகு திரும்பி வந்தபோது சுவரும் கிணறும் வேலியும் போய், எல்லாம் ஒரே பற்றையாய்க் கிடந்தது. போன வருடம் நான் அங்கே ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு நிற்க, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கிழவி வாகனத்தால் இறங்கி, தடியூன்றி வந்தாள். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

"அம்மா, இங்கை பெரிய வளவு எண்டு ஒண்டு இருந்தது. எவடமெண்டு சொல்லுவியளோ? சாக முதல் ஒருக்கால் அந்த மண்ணிலை நிண்டிட்டுப் போவம் எண்டு வந்தனான்."

"தெரியேல்லையம்மா. நாங்கள் பிறகு குடிவந்த ஆக்கள்," என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அவள் நின்று கேட்ட இடந்தான் அவர்கள் வீட்டு வாசல்.