வெந்நீர் நின்ற நாள்

அன்றைக்கு வாய்க்கால் கரையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சாட்சி என்றால் பார்த்த ஆள் வேண்டும்.

என் வீட்டுக்காரர் தேவராஜ். நடவு ஆட்களைக் கூட்டி வரும் லூர்து அக்கா. பாக்கியம். தனம், அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், அவளும் பார்த்தாள். டிராக்டர் ஓட்டுகிற மணி. கடைசியில் நான், எஸ்தர்.

சந்தேகம் இருந்தால் இவர்களைக் கேளுங்கள். தனத்தைக் கேட்டால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாள்.

நான் ஆறாம் வகுப்பு வரைதான். அறுப்புப் பண்டிகைக்கு, ஆண்டவர் உனக்குச் செய்ததைச் சாட்சியாக எழுதிக் கொடும்மா என்று பாஸ்டர் ஐயா கேட்டார். கை நன்றாக இருந்த நேரத்தில் எழுதினேன். மூன்று நாள் ஆனது.

எங்கள் ஊர் குத்தாலம் பக்கம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நடவு நட்டவள் நான். நடவில் எல்லோரும் வரிசையாகக் குனிந்து பின்னாலேயே போவோம். ஒருத்தி மெதுவாக நட்டால், இரண்டு பக்கமும் உள்ளவர்கள் விறுவிறு என்று நட்டுக்கொண்டு போய், அவளுக்குப் பின்னாலும் நட்டு அடைத்துவிடுவோம். அவள் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பாள். கூண்டு வைப்பது என்று சொல்வோம். நான் நிறையப் பேருக்குக் கூண்டு வைத்திருக்கிறேன். பாக்கியத்துக்குத்தான் அதிகம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், சம்பா நடவில், எனக்கே கூண்டு வைத்தார்கள்.

பாக்கியத்துக்கு ஒரே சந்தோஷம். "என்னடி எஸ்தரு, நாத்துக்கு ஒண்ணொண்ணா பேரு வச்சு நடுறியா?" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் வலது கால் சேற்றிலிருந்து வரவில்லை. சேறு இழுக்கிறது என்று நினைத்தேன். கரை ஏறிய பிறகும் கால் வரவில்லை.

பிறகு ஒரு கண் மங்கியது. கையில் இருக்கிற டம்ளர் விழும். விழுந்த சத்தம் கேட்டால்தான் விழுந்தது தெரியும். தஞ்சாவூர் போய் ஸ்கேன் எடுத்தோம். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்றார் டாக்டர். எனக்கு வாயில் வரவில்லை. எம்.எஸ். என்று சொல்லும்மா, போதும் என்றார். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புக்கு மேலே இருக்கிற உறை அங்கங்கே உரிந்து போகிறதாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் விளக்கினார். "நம்ம மோட்டார் ஒயரை எலி கடிச்சுதுல்ல, அந்த மாதிரி. மோட்டார் நல்லாத்தான் இருக்கு. ஒயருதான்." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் அவர் அப்படிச் செய்ததே கிடையாது.

மருந்து, ஊசி என்று ஆரம்பித்தது. முழுசாகப் போகாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இங்கேதான் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். நடவு ஆளுக்குக் கால் வலி என்றால் எங்கள் பக்கம் வெந்நீர்தான். நொச்சித் தழை போட்டுக் கொதிக்க வைத்து, போர்வையை மூடி ஆவி பிடிப்போம், பிறகு காலில் ஊற்றுவோம். இதை டாக்டரிடம் கேட்கவே தோன்றவில்லை. வெந்நீரைப் போய் யார் டாக்டரிடம் கேட்பார்கள்?

காலையில் ஒரு அண்டா. சாயங்காலம் ஒரு அண்டா. விறகு, தழை, தண்ணீர் எல்லாம் அவர் ஒருத்தர்தான். ஊற்றும்போது "சூடு பொறுக்குதா?" என்பார். பொறுக்குது என்பேன். ஊற்றி முடித்தால் கால் நனைந்த துணி மாதிரி கிடக்கும். கண் இன்னும் மங்கும். வியாதி கூடுகிறது என்று அவர் இன்னும் ஒரு குடம் சேர்ப்பார். ஆசையாகச் செய்கிறவரை எப்படி வேண்டாம் என்பது? கத்திரி வெயிலில் படுத்த படுக்கையானேன். கக்கூஸுக்கும் அவர்தான் தூக்கிப் போனார்.

ஒரு நாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அவர் தன் இடுப்பைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். என்னங்க என்றேன். புகை என்றார். அடுப்பு இன்னும் பற்ற வைக்கவே இல்லை.

அன்றைக்கு ஜெபம் பண்ணினேன். என்னை நடக்க வையுங்கள் என்று அதுவரை எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. "ஆண்டவரே, இந்த மனுஷன் களைச்சுட்டாரு. இந்த வெந்நீர் வேலையிலேருந்து இவருக்கு விடுதலை குடுங்க. நான் எப்படி ஆனாலும் சரி." அவ்வளவுதான். நான் செத்தால்தான் வெந்நீர் நிற்கும் என்று நினைத்தேன். அதற்கும் சேர்த்துத்தான் ஆமென் சொன்னேன்.

பத்து நாளில் ஆற்றில் தண்ணீர் வந்தது. குறுவை நடவு. வயலைப் பார்க்கணும் என்றேன். மொபெட்டில் உட்கார வைத்து, துண்டால் தன் இடுப்போடு என்னைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். தனம் பார்த்துவிட்டு, "அண்ணே, அது பொண்டாட்டியா, நாத்துக் கட்டா?" என்றாள்.

வாய்க்கால் கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பதினோரு மணி வெயில். கண் இருண்டது. கால் போனது. எழுந்திருக்கப் பார்த்தேன். நாற்காலியோடு வாய்க்காலில் விழுந்தேன்.

இடுப்பளவுத் தண்ணீர். புதுத் தண்ணீர், சில்லென்று இருந்தது. லூர்து அக்கா குதித்து என் தலையைப் பிடித்தாள். பாக்கியமும் தனமும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். தூக்க முடியவில்லை. வீட்டுக்காரரும் மணியும் கயிற்றுக் கட்டில் எடுத்துவர ஓடினார்கள்.

அரை மணி ஆகியிருக்கும். கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். லூர்து அக்கா மூக்குத்தியில் வெள்ளைக் கல் தெரிந்தது. எத்தனையோ மாதமாக எனக்கு அது தெரியவில்லை. பிறகு கால் விரலுக்கு நடுவில் சேறு பிதுங்குவது தெரிந்தது.

"அக்கா, விடு."

"விட்டா தண்ணியோட போயிடுவடி."

"விடுக்கா."

விட்டாள். நின்றேன்.

வீட்டுக்காரர் கட்டிலைத் தலையில் சுமந்து வந்தார். என்னைப் பார்த்தார். கட்டிலை இறக்க மறந்து அப்படியே நின்றார். "அண்ணனை அந்தக் கட்டில்ல படுக்க வைங்கடி" என்றாள் தனம்.

அடுத்த வாரம் டாக்டரிடம் சொன்னோம். வெந்நீர் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"தினமுமா?"

"ரெண்டு வேளை சார்."

"இந்த வியாதிக்குச் சூடு ஆகாதும்மா. சூடானா உறை போன நரம்பு வேலை செய்யாது. குளுந்தா கொஞ்ச நேரம் தெளியும். இனிமே வெந்நீரே கூடாது."

கூடாது என்றார். நான் கேட்டதே அதுதான்.

வெளியே வந்து வீட்டுக்காரர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானே உன்னப் படுக்க வச்சுட்டேனே" என்றார். "அண்டாவை வித்துடலாமா?" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார்.

வியாதி போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். மருந்தை விடவில்லை, யாரும் விடாதீர்கள். நல்ல நாள் உண்டு. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாத நாளும் உண்டு. அன்றைக்கு அவர் மாட்டிவிடுவார். ஒன்று விட்டு ஒன்று மாட்டுவார். அப்படியே சபைக்கு வந்திருக்கிறேன். மேலேதான் சேலை இருக்கிறதே. சில நாள் உட்கார்ந்த இடத்திலேயே களைப்பு. நீளமாக ஜெபிக்கத் தெம்பு இருக்காது. ஸ்தோத்திரம் என்பேன். ஆண்டவருக்கு அது போதும்.

இந்தக் குறுவைக்கு வயலில் இறங்கினேன். விடிந்ததும் இறங்கி வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும் என்பது பேச்சு. தண்ணீர் வந்து விழுகிற மடைக்குப் பக்கத்தில் எனக்கு இடம். கழுத்தில் ஈரத் துண்டு. மெதுவாகத்தான் நட்டேன். யாரும் கூண்டு வைக்கவில்லை. பாக்கியம் என் பக்கத்திலேயே, என் அளவுக்கே நட்டுக்கொண்டு வந்தாள்.

"நீ சீக்கிரம் போயேண்டி" என்றேன்.

"போடி. நானும் பேரு வச்சுத்தான் நடுறேன்" என்றாள்.

உங்களுக்கும் ஏதாவது கஷ்டம் இருக்கும். உங்களுக்காகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருப்பீர்கள். உங்களைத் தூக்கிச் சுமக்கிற ஆளுக்காக ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஆண்டவர் காது கொடுப்பார். எனக்குக் கொடுத்தார்.

இந்தக் குறுவைக்கு இறங்கிய அன்றைக்கு எட்டு மணிக்குக் கரை ஏறினேன். நட்ட நாற்றுக் கட்டு பதினொன்று.