விதிப்படி அரை மணி நேரம்

அடையாறு பஸ் டிப்போவுக்கு எதிரே டீக்கடையில் நிற்கிறேன். காலை ஐந்தரை. டிவியில் பறையாட்டம். தினமும் அரை மணி நேரம் நம் பண்பாட்டைக் காட்ட வேண்டும் என்று சேனல்களுக்கு விதி இருக்கிறதாம். ஊர் பல் துலக்கும் முன்பே கடனே என்று காட்டி முடித்துவிடுகிறார்கள். அப்புறம் நாள் முழுக்க டப்பிங் சீரியல்தான். போன முறை வந்தபோதும் இதே ஆட்டம், இதே மஞ்சள் சட்டை.

திரையில் குதித்தாடும் கருமீசைக்காரர் என் பக்கத்திலேயே டீ குடிக்கிறார். மீசை முழுக்க நரைத்துவிட்டது.

"இத்த எடுக்கச்சொல்ல எம் பொண்ணு கைக்கொயந்த சார். இப்போ காலேஜ் போய்க்கினு கீது."

"அப்புறம் உங்களைக் கூப்பிடவே இல்லையா?"

"இன்னாத்துக்கு கூப்புடணும்? நான்தான் தெனம் ஆடிக்கினு கீறேனே!"