பிரஷ் அக்கா வந்தால் தூசிக்கு ஆகாது

கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள் பிரஷ் அக்கா. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை இதுதான். பிறகு குனிந்து காதை ஒட்டவைத்துக் கேட்டாள்.

"கொதிக்குது. மூச்சும் வாங்குது. யாரு இதுக்கு ஸ்வெட்டர் போட்டது?"

பஞ்சு வைத்துத் தைத்த பூப்போட்ட உறை. முன்பக்கம் பொத்தானுக்கு மட்டும் ஓர் ஓட்டை. பின்பக்கம், காற்று வெளியேறும் சல்லடையின் மேல், இரட்டைத் தையல். அதைத் தைத்த வீட்டுக்கார அம்மா பெருமையும் பயமுமாகக் கதவோரம் நின்றார்.

"தூசி போயிடக் கூடாதேன்னுதான்..."

"சூடும் வெளிய வரலையே அம்மா. சூடு ஏறிட்டா அது தன்னால வேகத்தைக் குறைச்சுக்கும். நடு வெயில்ல கம்பளி போத்திட்டு ஓடச் சொன்னா நீங்க ஓடுவீங்களா?"

மின்சாரத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றினாள். உள்ளே விசிறியைச் சுற்றிக் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைப் பந்து. உறையிலிருந்து உறிஞ்சப்பட்ட பஞ்சு. பிரஷ் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தலையணைக்கே ஆகும் போலிருக்கே!"

மாடிப்படிக்குக் கீழே, சாவி வெட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருக்கிறது அவளுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பையில் சுவருக்கு வர்ணம் அடிக்கும் பட்டை பிரஷ், கன்னத்துக்குப் பவுடர் போடும் பிரஷ், இன்னும் பல. ஒன்று எப்போதும் கொண்டையில் செருகியிருக்கும். வேலை முடிந்தாலும் திரையில் ஒரு பொட்டுத் தூசி இருந்தால் எழுந்திருக்க மாட்டாள். "தட்டுல போட்டிருக்குற பூவையே அழுக்குன்னு தேய்ச்சுப் பாத்தவ," என்பார் அவள் கணவர்.

இன்றைக்கு அவளுக்கு அவசரம் இருந்தது. இந்த வீட்டுப் பெண் கப்பலில் எஞ்சினியர். துறைமுகத்தில் நிற்கும்போது மட்டும்தான் முகம் பார்த்துப் பேச முடியும். இன்று மாலை கூப்பிடுவாள். பிறகு மாதக்கணக்கில் கடல். அப்பாவிடம் இருப்பதோ பொத்தான் போன். போன தடவை கம்ப்யூட்டர் திணறி, கண் பாதி மூடி வாய் கோணிய நிலையில் திரையில் அவள் முகம் அப்படியே உறைந்துவிட்டது. பெற்றவர்கள் அந்த முகத்தோடேயே பேசி முடித்தார்கள்.

"தும்மப் போறாளோன்னு நினைச்சேன்," என்றார் அம்மா. "கடைசி வரைக்கும் தும்மவே இல்ல."

பஞ்சைப் பிடுங்கி, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதி, சந்துபொந்தெல்லாம் பிரஷால் வருடி, பெட்டியை மூடி ஓடவிட்டாள். சத்தம் அடங்கியது. ஆனாலும் திரை விழிக்க வெகு நேரம் பிடித்தது. விழித்ததும், கம்ப்யூட்டரை வேகமாக்குவதாகச் சொல்லும் புரோகிராம்கள் வரிசையாகக் குதித்து வந்தன: வேகமாக்கி, அதிவேகமாக்கி, மின்னல் வேகமாக்கி...

"இத்தனையும் யாரு போட்டது?"

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "அதுவே சொல்லுச்சேம்மா, 'உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது'ன்னு. பொய்யா சொல்லும்?"

"நான் வருஷக்கணக்கா சொல்றேன், ஒண்ணும் காதுல ஏறல," என்றார் அம்மா. "பொட்டி சொன்னா மட்டும் உடனே கேட்டுக்குவார்."

"எல்லாத்தையும் எடுத்துட்டா இன்னும் மெதுவாயிட்டா?" கண்டக்டரின் குரல் இறங்கியது. "புள்ள இன்னிக்குக் கூப்பிடுவா."

பிரஷ் அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். "ஐயா, நீங்க வண்டியை எடுக்கச் சொல்றீங்க. படியில இத்தனை பேர் தொங்குறாங்க. ஒருத்தரும் டிக்கெட் எடுக்கல. ஒருத்தரை ஒருத்தர் வேற இடிச்சுக்கிறாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

கண்டக்டர் நிமிர்ந்தார். "இறக்கி விடுவேன்."

"அப்ப இறக்கி விடுங்க."

அவ்வளவுதான், மனிதர் பணிக்குத் திரும்பிவிட்டார். அவள் ஒவ்வொன்றாகக் காட்டி, "இது வேணுமா?" என்று கேட்கக் கேட்க, "இறங்கு! ஏய் மின்னலு, உனக்குத் தனியாச் சொல்லணுமா? இறங்கு!" என்று வீடு அதிரக் கத்தினார். எங்கே வைத்தோமென்று தெரியாமல் அவர் திரும்பத் திரும்ப டவுன்லோட் செய்து வைத்த அதே பாட்டுகளும் போயின. வைரஸ் பிடிக்கிற ஒன்றை மட்டும், "இவர் செக்கிங் இன்ஸ்பெக்டர், இருக்கட்டும்," என்று அவரே விட்டுவைத்தார்.

மறுபடி அணைத்துப் போட்டதும், "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்தார் கண்டக்டர். அவர் வாய் மூடுவதற்குள் திரை பளிச்சென்று வந்து நின்றது. அம்மா கைதட்டிவிட்டார்.

மாலை அழைப்பு வந்தபோது பிரஷ் அக்கா இன்னும் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விலக நேரமில்லை. தலைமுடி காற்றில் பறக்க, வாயெல்லாம் பல்லாக மகள் வந்தாள்.

"அம்மா! தெரியுதா? ஏன் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம உக்காந்திருக்கீங்க?"

பெற்றவர்கள் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மறுபடி உறைந்துவிடுமோ என்று. பிரஷ் அக்காவின் கண் அந்தப் பெண்ணின் கன்னத்திலிருந்த ஒரு கரும்புள்ளியில் நின்றது. கை தானாகக் கொண்டைக்குப் போய்ப் பிரஷை உருவியது. திரையில் ஒரு தட்டுத் தட்டினாள். போகவில்லை. இன்னொரு தட்டு.

"கன்னத்துல என்னடி கரி?" என்றார் அம்மா.

"எஞ்சின் கிரீஸ்மா," என்று சிரித்தபடி தலையைச் சாய்த்தாள் மகள். பிரஷ் நுனியிலிருந்து நழுவி, புள்ளி திரையின் மறுபக்கத்துக்கு ஓடியது. பிரஷ் அக்கா விடவில்லை. எக்கி அதைத் துரத்தினாள்.