அக்கரையில் மாமா

ஜேர்மன்காரருக்கு நடை என்றால் ஒரு பைத்தியம். வேலைக்கு நடப்பதும் கடைக்கு நடப்பதும் அவர்களுக்குக் கணக்கில் வராது. ஞாயிற்றுக்கிழமை அதற்கென்றே வாங்கிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஓரிடத்தில் தொடங்கி, மூன்று மணித்தியாலம் நடந்து, தொடங்கிய அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். எங்கள் சின்ன ஊரிலும் அப்படியொரு சுற்றுப்பாதை இருந்தது. வேசர் ஆற்றின் இந்தக் கரையால் மேலே போய், மிதவையில் ஆற்றைக் கடந்து எதிர்க்கரை ஊரில் இறங்கி, அந்தக் கரையால் கீழே நடந்து, பாலத்தால் திரும்ப எங்கள் ஊருக்குள் வர வேண்டும். எங்கள் கத்தோலிக்கக் கோயிலடியில் ஒரு பலகையில் அதைப் படமாக வரைந்து வைத்திருந்தார்கள். அப்பா முதல்முதலில் அதைப் பார்த்துவிட்டு, "வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வாறதுக்கு இவ்வளவு தூரம் நடக்கவேணுமே?" என்று கேட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது. எங்கள் குடும்பத்தில் அந்தச் சுற்றை முழுதாகச் சுற்றிய ஒரே ஆள் நான்தான்.

அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. அதுதான் சட்டம். எங்கள் மாவட்டம் ஆற்றோடு முடிந்தது. அக்கரை வேறு மாவட்டம், அங்கே வேறு அலுவலகம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களுக்கு ஒரு வருடம் பிந்தி மன்னாரிலிருந்து வந்து சேர்ந்தபோது, தன்னை அக்காவுக்குக் கிட்ட விடும்படி கேட்டு எழுதிக் கொடுத்தார். அவர்களும் கிட்டத்தான் விட்டார்கள். எதிர்க்கரை ஊரில், ஒரு பழைய விடுதியின் மூன்றாம் மாடியில். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கோயில் கோபுரம் தெரியும்.

வந்த முதல் கிழமையே மாமா பாலத்தால் நடந்து வந்து, நடுவழியில் பொலிஸிடம் பிடிபட்டார். முதல் தடவை என்பதால் தண்டம் எழுதி விட்டுவிட்டார்கள். இரண்டாம் தடவை என்றால் நீதிமன்றம், அது அகதி வழக்கையும் கெடுக்கும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். பாலத்தில் எல்லைக்கோடு எந்த இடத்தில் ஓடுகிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. தெரியாத கோட்டுக்குக் கிட்டவும் போகக்கூடாது என்பது அவருடைய கட்சி.

ஆகவே ஞாயிறுகளில் நாங்கள் இப்படிச் செய்தோம். பூசை முடிய அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இந்தக் கரையால் மிதவைத்துறை வரைக்கும் நடப்போம். அங்கே அம்மா ஒரு சாப்பாட்டுப் பையை என் கையில் தருவா. சின்னப் பிள்ளையை யாரும் மறித்துக் கேட்பதில்லை. மிதவைக்கு இயந்திரம் கிடையாது, குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றோட்டத்திலேயே நகரும். அதை ஓட்டிய மீசைக்காரர் என்னிடம் சீட்டுக் கேட்டதே இல்லை. அக்கரையில் மாமா நிற்பார். பிறகு நானும் அவரும் அந்தக் கரையால் கீழே நடப்போம். அப்பாவும் அம்மாவும் எங்களுக்கு நேரே இந்தக் கரையால் நடப்பார்கள். கடைசியில் பாலத்தடியில் மாமா நின்றுவிட, நான் மட்டும் பாலத்தால் இந்தக் கரைக்கு வருவேன். அதுவரைக்கும் அம்மா ஆற்றுக்கு மேலால் கத்துவா.

"தம்பி, மெலிஞ்சு போனாய்!"

"இல்லை அக்கா, தூரத்திலையிருந்து பாத்தா அப்பிடித்தான் தெரியும்!"

குசலம் விசாரிக்கிற எங்களைத் தாண்டிப் போகும் ஜேர்மன் கிழவர்கள், யாரோ ஆற்றில் விழுந்துவிட்டார்கள் என்று நின்று பார்ப்பார்கள். எனக்கு அது பெரிய விளையாட்டு. பெரியவர்கள் என்னைச் சந்தோசப்படுத்துவதற்காகவே இப்படி இரண்டு கரையிலும் நடக்கிறார்கள் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. மாமாவுக்கு வந்த கடிதங்களை வாசித்துச் சொல்வது. அவருக்குத் தெரிந்த டொய்ச், அதாவது ஜேர்மன், சொற்கள் ஒரு கைக்குள் அடங்கும். அதை அவரே பெருமையாகச் சொல்வார். ஒவ்வொரு விரலாக மடக்குவார். "குட்டன் ராக். டங்க. ஆர்பைட். டெர்மீன்." வணக்கம், நன்றி, வேலை, அலுவலகத் தவணை. நாலு விரல் மடங்கியதும் நிறுத்திவிடுவார்.

"அஞ்சாவது என்ன மாமா?"

"அது உனக்குத் தேவைப்படாது மருமோள்" என்று சொல்லி மற்ற விரலையும் மடக்கி, பொத்திய கையால் என் தலையில் மெல்லக் குட்டுவார்.

அந்த வருடம் எனக்கு முதல் நன்மை, அதாவது நற்கருணையை முதன்முதலாக வாங்கும் நாள். உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வெள்ளை உடுப்புப் போட்டு, மெழுகுதிரி பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் வருவார்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாமா, மாமி, பெரியப்பா என்று இரண்டு வாங்கு நிறைய ஆட்கள் வரப்போகிறார்கள். எனக்கு அப்பா, அம்மா இரண்டு பேர்தான். என் மாமாவும் வந்து முன்வாங்கில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மாமா தன் அலுவலகத்தில் ஒரு நாள் அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டார். விண்ணப்பத்தை எழுதியதும் நான்தான், வகுப்பில் எனக்கிருந்த மிக நல்ல எழுத்தில்.

பதில் அதற்கு இரண்டு கிழமை முந்தி, குருத்தோலை ஞாயிறன்று, மாமாவின் கையில் இருந்தது. ஆற்றோரத்து வாங்கில் இருந்து அவர் உறையைக் கிழித்தார். ஆறே ஆறு வரிக் கடிதம். அனுமதி இல்லை என்று மூன்றாம் வரியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

எனக்குப் பயம் ஒன்றும் வரவில்லை. வெள்ளைச் சட்டையும் முன்வாங்கும் கண்ணுக்குள் நின்றன. ஒரு தாளில் கிடக்கும் மை என் மாமாவை மறிப்பதா என்ற கோபமும் இருந்தது.

"வரலாமாம்" என்றேன். "ஒரு நாளைக்கு விட்டிருக்கினம்."

மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். விரலைத் தாளில் வைத்தார்.

"இதிலையே எழுதிக்கிடக்கு?"

"ஓம்."

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"அப்ப வாறன்" என்றார்.

எழும்பி நின்று, "அக்கா, நான் வாறன்!" என்று ஆற்றுக்கு மேலால் கத்தினார். எங்கள் ஊர்க் கரையில் அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்தா. அப்பாவுக்குத்தான் சந்தேகம். "கடிதத்தைப் பிள்ளையிட்டைக் குடுத்துவிடு, நான் ஒருக்காப் பாக்கிறன்" என்று கத்தினார். "வழியிலை கேட்டா நான் காட்டவேணும் அத்தான்" என்று மாமா திருப்பிக் கத்தினார். அந்தப் பதில் என்னைக் காப்பாற்றிவிட்டது என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

ஆனால் ஆண்டவர் அப்படி லேசில் விடுகிறவர் இல்லை. முதல் நன்மைக்கு முதல் நாள், பாவங்களைச் சுவாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனம் இருந்தது. ஜேர்மன் சுவாமியார் கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஒரு கடிதத்தைப் பிழையாக வாசித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் மெல்லச் சிரித்தார். அது பாவமில்லை பிள்ளை, தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசித்துப் பழகு என்றார். பாவம் மன்னிக்கப்பட்டதா இல்லையா என்று தெரியாமலே வெளியே வந்தேன்.

மறுநாள் மாமா பாலத்தால் வந்தார். யாரிடமோ இரவல் வாங்கிய கோட், தோள் இரண்டும் வழிந்து கிடந்தது. கோயில் வாசலில் அம்மா அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் தொட்டு மூன்று வருடமாகியிருந்தது. நான் மெழுகுதிரியோடு முன்னால் போனபோது முன்வாங்கில் மூன்று பேர் இருந்தார்கள். பிறகு வீட்டில் ரோல்ஸ், கேக், புட்டு, இறைச்சிக் கறி. மாமா சாப்பிடச் சாப்பிட அம்மா போட்டுக்கொண்டேயிருந்தா. அவர் அன்றைக்கு எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தார். சுவரில் இருந்த என் படங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தார்.

பின்னேரம் அவரை மிதவைக்கு அனுப்ப எல்லோரும் நடந்தோம். ஒரே கரையால், பக்கத்தில் பக்கத்தில். கத்திப் பேசிப் பழகிய அம்மாவுக்குக் குரலைக் குறைக்க வரவில்லை. "மெல்லக் கதையுங்கோ அக்கா, நான் இஞ்சைதான் நிக்கிறன்" என்று மாமா பகிடி பண்ணினார்.

மிதவைத்துறையில் பொலிஸ் கார் நின்றது. நல்ல வெயில் ஞாயிறு, மோட்டார் சைக்கிள்காரரை மறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எங்களையும் பார்த்தார். அப்பாவின் அட்டை சரி, அம்மாவின் அட்டை சரி. மாமாவின் அட்டையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடிதத்தைக் காட்டு தம்பி" என்றார் அப்பா.

"வீட்டிலை விட்டிட்டன் அத்தான்."

எனக்கு மாத்திரம் தெரிந்தது. இரவல் கோட்டுக்குள்ளே, சட்டைப்பையில், நாலாக மடித்த தாளின் நுனி வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அந்தப் பொலிஸ்காரர் குனிந்து, நல்ல உடுப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டு, இவரிடம் அனுமதி இருக்கிறதா என்று கேட்டுச் சொல் என்றார்.

"அனுமதித் தாள் இருக்கோ எண்டு கேக்கினம் மாமா."

"இல்லையெண்டு சொல்லு குஞ்சு."

இல்லை என்று சொன்னேன். அந்த இரண்டு கிழமைக்குள் மாமாவுக்கு நான் செய்த மொழிபெயர்ப்பில் பிழையில்லாதது அது ஒன்றுதான்.

அவரைக் காரில் ஏற்றினார்கள். கார் கீழே போய்ப் பாலத்தால் கடந்து எதிர்க்கரைத் தெருவில் ஏறிப் போவதை நாங்கள் திரும்பி நடக்கும்போது மரங்களுக்கிடையில் கண்டோம். அம்மா ஆற்றைப் பார்த்தபடி நடந்தா. என் வெள்ளைச் சட்டையின் விளிம்பு சேற்றில் இழுபட்டதை வழக்கமாக உடனே கண்டுபிடிக்கிறவ, அன்றைக்குக் காணவில்லை.

இரண்டு மாதத்தில் மாமாவைத் தூரத்து முகாம் ஒன்றுக்கு மாற்றினார்கள். ஞாயிற்று நடை நின்றது. அடுத்த வருடம் அவரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டிலும் என் படிப்பைக் கேட்டிருந்தார். மூன்றாவது வரவில்லை. இன்றுவரை வரவில்லை. திருப்பி அனுப்பியதற்கும் மிதவைத்துறையில் பிடிபட்டதற்கும் சம்பந்தமில்லை என்று பிற்காலத்தில் ஒரு வழக்கறிஞர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். எனக்கு அது உதவவில்லை.

அம்மா இன்றைக்கும் தம்பியைத்தான் திட்டுவா. "அண்டைக்கு அந்தக் கடிதத்தை மறக்காமல் கொண்டுவந்திருந்தானெண்டால்..." என்று தொடங்கி, முடிக்காமல் விடுவா. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று நான் இன்னும் சொல்லவில்லை. மாமாவை ஏமாற்றிவிட்டேன், என்னை நம்பி வந்து மாட்டிக்கொண்டார், மிதவைத்துறையில்தான் உண்மை விளங்கி என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டார் என்ற பாரத்தோடுதான் நான் வளர்ந்தேன்.

போன வருடம், புதிதாக வந்த ஒரு மட்டக்களப்புக் குடும்பத்துக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். அந்த மனிதருக்கு டொய்ச் ஒரு வரிகூடத் தெரியாது. நான் கண்ணாடியை எடுத்துப் போடுவதற்குள், அவர் கடிதத்தின் நடுவில் ஒரு சொல்லுக்குக் கீழே விரலை வைத்துவிட்டார். 'அப்கெலேன்ட்'. மறுக்கப்பட்டது. "இது மட்டும் தெரியும் தங்கச்சி" என்றார். "இஞ்சை வந்த எல்லாருக்கும் இந்தச் சொல்லுத் தெரியும்."

மாமாவின் மடங்கிய ஐந்தாவது விரல் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆற்றோரத்து வாங்கில் அவர் விரல் வைத்த இடமும் வந்தது. மூன்றாம் வரி. தடித்த எழுத்து.

"இதிலையே எழுதிக்கிடக்கு?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். "அப்ப வாறன்" என்றார்.